நல்ல பையன் பாத்துக்கிடுங்க

கோரைத்தீவின் நிரந்தர அதிபர் செத்து மூன்று வருஷமும் சில மாதமும் கழித்து, அவருடைய மேசைக்கடியில் பலகையைப் பெயர்த்து எடுத்த முப்பத்துநான்கு ஒலிநாடாக்களில் முதலாவதை விசாரணைக் கமிஷன் ஓடவிட்ட திங்கட்கிழமை காலை பதினொன்றேகாலுக்கு, அறையிலிருந்த நாற்காலிகள் எல்லாம், ஆள் உட்கார்ந்திருந்தது ஆளில்லாதது என்ற பேதமில்லாமல், கிறீச்சென்று ஒரு சாண் பின்னால் நகர்ந்தன. நீதிபதி சிதம்பரதாணு மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு தன் நாற்காலியை முன்னுக்கு இழுத்துப் போட்டார், மற்றவர்களும் இழுத்துப் போட்டார்கள். தரை வாட்டமாக இருக்கிறது, பொதுப்பணித் துறைக்கு ஒரு கடிதம் போடுங்கள் என்று அவர் செயலாளர் பொன்னுலிங்கத்திடம் சொன்னார், அதுவும் பதிவாயிற்று.

பதிவு செய்தவள் மதலேனாள். கமிஷன் அறைக்குள் யார் வாயிலிருந்து எது விழுந்தாலும் அது காகிதத்தில் ஏறவேண்டும், ஏறியதில் பக்கத்துக்குப் பக்கம் நீதிபதி கையெழுத்துப் போடவேண்டும் என்பது அங்கே விதி. காணாமல் போனவனின் பெண்டாட்டியையே காணாமல் போனவர்களை விசாரிக்கும் கமிஷனில் தட்டச்சுக்கு உட்காரவைக்கலாமா என்று ஒருவர் கேட்கத்தான் செய்தார். சொந்தபந்தத்தில் ஆள் தொலையாத தட்டச்சுக்காரி வேண்டுமானால் கப்பலேறித்தான் தேடவேண்டும் என்று நீதிபதி சொல்லிவிட்டார். அவர் கெட்டவர் இல்லை. அந்தக் கமிஷனில் கெட்டவர்கள் என்று யாருமே இல்லாததுதான் மதலேனாளுக்குக் கடைசிவரை பெரிய எரிச்சலாக இருந்தது.

அவளுக்கு வேண்டியது ஒரே ஒரு வரி. அவள் புருஷன் சூசை மிக்கேல், மைக்செட் சூசை என்றால் தீவு முழுக்கத் தெரியும், பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால் வீட்டிலிருந்து அழைத்துப்போகப்பட்டவன், அரசாங்கப் பேரேட்டில் ‘தானாக வெளியேறியவர்கள்’ என்ற தலைப்பின் கீழ் நாற்பத்தோராவது ஆளாக இருந்தான். தானாக வெளியேறியவனுக்கு மரித்தோர் பூசை வைக்க முடியாது என்று பங்குச் சாமியார் சொன்னார். அரசாங்கம் அவனைச் செத்தவன் என்று எழுதிக் கொடுத்தால் அடுத்த நிமிஷமே மணியடிப்பேன் என்றும் சொன்னார். செத்தவன் என்று எழுத உத்தரவு வேண்டும், கொல்லச் சொன்னதற்கு ஆதாரம் வேண்டும் என்றது அரசாங்கம். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டான் என்பார்கள், இங்கே இரண்டு பேருமே ஒருத்தரை ஒருத்தர் கைகாட்டிக்கொண்டு நின்றார்கள். கல்யாண வீட்டுக்குக் கூப்பிடலாமா கூடாதா என்று ஊர் அவளைப் பார்த்து விழித்தது, கல்லறைத் திருநாளன்று ஊரே மெழுகுதிரியோடு கல்லறைத் தோட்டத்துக்குப் போகும்போது அவள் கையில் ஒரு திரியை வைத்துக்கொண்டு எந்தக் குழியில் ஏற்றுவது என்று தெரியாமல் திரும்பி வருவாள்.

சூசை செய்த குற்றம் ஒரு வாழைப்பழம் அளவுதான். கோரைத்தீவில் யார் நாவுக்கும் ழகரம் வராது, மழை அங்கே மளை, பழம் பளம், அப்படியே எட்டுத் தலைமுறை பிழைத்துக் கிடந்தது. அதிபர் பதவியேற்ற இரண்டாம் வருஷம் நாத்தூய்மைச் சட்டம் போட்டார், நாக்கு மடியாத பிள்ளைகளை வாத்தியார்கள் வெயிலில் நிறுத்தினார்கள், நாக்கு மடியாத குமாஸ்தாக்களுக்கு உத்தியோகம் போயிற்று. அவர் மேடை ஏறினால் மூன்று மணி நேரம் இறங்கமாட்டார். ‘அழிவு வரினும் அழோம், பழி வரினும் விழோம்’ என்று தொடங்குவார், ஒவ்வொரு ழகரமும் எண்ணெயில் விழுந்த பணியாரம் மாதிரி உருண்டு திரும்பும், கேட்டவர்களுக்குப் புரிந்ததோ இல்லையோ மயிர்க்கூச்செறியும். அப்படி ஒரு நாள் கொடிமர மைதானத்தில் ஐம்பதாயிரம் பேர் முன்னால் பேசி முடித்து அவர் நாற்காலியில் சாய்ந்தபோது சூசை மைக்கை அணைக்கவில்லை. நாற்பது குழாய் ஒலிபெருக்கிகளும் களைத்துப்போன, தணிந்த, பக்கத்து வீட்டுச் சித்தப்பாவுடையது போன்ற ஒரு குரலில், “ரெண்டு வாளப்பளம் இருந்தா தாங்களேன், வயிறு காந்துது” என்றன. முதலில் ஒருத்தன் சிரித்தான், பிறகு ஐம்பதாயிரம் பேரும் சிரித்தார்கள், ஒரு பழத்தை உரிக்கிற நேரம்தான் அந்தச் சிரிப்பு இருந்தது.

வேண்டுமென்றே விட்டீர்களா என்று அன்றைக்கு மதலேனாள் கேட்டாள். “சுச்சு சூடாயிட்டுட்டி, கை வைக்க முடியல” என்று சொல்லிவிட்டு அவன் வெகுநேரம் சிரித்துக்கொண்டே இருந்தான், அதனால் அது உண்மையா பொய்யா என்று அவளுக்கு இன்றுவரை தெரியாது. மறுநாள் மத்தியானம் வெள்ளைச் சட்டை போட்ட இரண்டு பேர் வந்து, சாப்பிட்டுவிட்டே வாருங்கள், அவசரமில்லை என்று வாசலில் நின்றார்கள். சூசை சாப்பிட்டுவிட்டுப் போனான்.

ஆகவே ஒலிநாடா கிடைத்தது என்று கேள்விப்பட்டதும் மதலேனாள் கும்பிடப்போன தெய்வம் குறுக்கே வந்தது என்றுதான் நினைத்தாள். அதிபர் தன் குரலைத் தானே பதிந்து கேட்டிருக்கிறார், எதற்கென்றால் ழகரம் பழகுவதற்கு. பாதி நாடாக்களில் அவர் தன்னந்தனியாக உட்கார்ந்து வாளப்பளம், வாளைப்பழம், வாழைப்பளம் என்று இருநூறு முந்நூறு தரம் சொல்லிச் சொல்லிக் கடைசியில் பெருமூச்சு விடுகிறார். பிறகு மெஷினை அணைக்க மறந்து ஆட்களைக் கூப்பிட்டுப் பேசுகிறார். அந்தப் பேச்சில் இடியும் இல்லை மின்னலும் இல்லை. யாரையும் நீ என்று சொல்லவில்லை, தேநீர் கொண்டுவருபவரையும் வாங்க என்றார். சாப்பிட்டீங்களா, பிள்ளைக்குப் பல் முளைத்ததா, முட்டுவலிக்கு என்ன எண்ணெய் தேய்க்கிறீங்க என்று விசாரித்தார். எந்த வாக்கியத்தையும் முழுசாக முடிக்கவில்லை, முடிக்கிற வேலையைக் கேட்பவரிடமே விட்டுவிட்டார். முப்பத்துநான்கு நாடாவிலும் கொல் என்ற சொல் ஒரு இடத்தில்கூட இல்லை, அடி இல்லை, பிடி இல்லை, ஒழி இல்லை. தீவே திகைத்துப்போயிற்று, ஆனால் எதற்குத் திகைத்தது என்று நினைக்கிறீர்கள்? பத்திரிகைகள் எட்டுப் பத்தியில் ‘அதிபரும் வாளப்பளம் என்றார்’ என்று போட்டன. வெயிலில் நின்று வளர்ந்தவர்கள் எல்லாம் தெருவில் ஒருவரையொருவர் பார்த்து பளம், பளம் என்று கூவிக் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள், நியாயம் கிடைத்துவிட்டது என்றார்கள். பேரேட்டில் எழுபத்தோரு பேர் அப்படியே கிடந்தார்கள்.

மெஷினை ஓட்டியவர் மீரான். அவரைத் தீவு வழக்கப்படி எல்லோரும் மீரான் காக்கா என்பார்கள், காக்கா என்றால் அங்கே முஸ்லிம் வீடுகளில் அண்ணன். நாற்காலிகள் எப்போது நகர்கின்றன என்று முதலில் கவனித்தவர் அவர்தான். மூன்றாம் நாள் சாப்பாட்டு இடைவேளையில் அவர் மதலேனாளைக் கூப்பிட்டு நாடாவைத் திருப்பித் திருப்பி ஓட்டிக் காட்டினார்.

“ஒரு சொல்லுக்குத்தான் நவருது, தங்கச்சி. காதக் குடுத்துக் கேளு.”

அந்தச் சொல் பாத்துக்கிடுங்க. கோரைத்தீவில் அது ஒரு சொல் இல்லை, மூன்று சொல். மளைன்னா மளை, அப்படி மளை பாத்துக்கிடுங்க என்றால் அதற்கு அர்த்தமே கிடையாது, பேச்சுக்கு நடுவில் மூச்சு வாங்குவதற்குப் போடுவது, தீவுக்காரன் நாலு வார்த்தைக்கு ஒரு தரம் போடுவான். அம்மைக்குக் காய்ச்சல், பாத்துக்கிடுங்க என்றால் அன்பாகக் கவனித்துக்கொள்ளுங்கள் என்று அர்த்தம். மூன்றாவது அர்த்தம் அதிபர் காலத்தில் பிறந்தது, அதை யாரும் யாருக்கும் விளக்கிச் சொன்னதில்லை, எல்லோருக்கும் தெரியும். நாடாக்களில் அந்தச் சொல் அறுநூற்றுப் பன்னிரண்டு தரம் வருகிறது என்று மதலேனாள் குறித்துவைத்தாள். மழைக்கு வந்தபோது நாற்காலிகள் அசையவில்லை. காய்ச்சலுக்கு வந்தபோதும் அசையவில்லை. ஒரு ஆள் பேரைச் சொல்லி, கொஞ்சம் நிறுத்தி, பிறகு பாத்துக்கிடுங்க என்று வந்தபோது மட்டும், யாரோ வேலையை முடிக்க எழுந்திருப்பதுபோல அவை ஒரு சாண் பின்னுக்குப் போயின. நாடாவுக்குள்ளேயும், காதை ஒட்டவைத்துக் கேட்டால், எங்கோ ஒரு நாற்காலி மெல்லத் தேய்ந்தது. எழுபத்தோரு தரம்.

கமிஷன் நடப்பதை ஜனங்களும் கேட்கட்டும் என்று வானொலியில் தினமும் சாயங்காலம் ஐந்து முதல் ஆறுவரை நாடாக்களை ஒலிபரப்பினார்கள், அதனால் தீவில் எங்கெல்லாம் வானொலி இருந்ததோ அங்கெல்லாம் நாற்காலிகள் நகரத் தொடங்கின. சலூன்காரர்கள் ஐந்து மணிக்குமேல் சவரம் செய்வதை நிறுத்தினார்கள். கல்யாண மண்டபத்தில் சம்பந்தி வீட்டார் வரிசையோடு பின்வாங்கியதைப் பார்த்துப் பெண்வீட்டார் கோபித்துக்கொண்டு ஒரு சம்பந்தமே முறிந்தது. பிளாஸ்டிக் நாற்காலிகள் கனமில்லாததால் இரண்டு சாண் போயின, தேக்கு நாற்காலிகள் அரைச் சாண் போயின. பெஞ்சும் முக்காலியும் அசையவில்லை, ஏனென்றால் அதிபரின் அறையில் பெஞ்சோ முக்காலியோ இருந்ததில்லை. ஜனங்கள் நாலு நாள் பயந்தார்கள், ஐந்தாம் நாள் பழகிக்கொண்டார்கள். தூண்டில் நரம்பால் நாற்காலியை மேசைக்காலோடு கட்டினார்கள், பிள்ளைத்தாய்ச்சிகள் ஐந்து மணிக்குப் பாயில் உட்கார்ந்தார்கள், கால்களில் ரப்பர் குப்பி மாட்டிய ‘நகரா நாற்காலி’ கடைவீதியில் நன்றாக ஓடியது. ஏன் நகர்கிறது என்று கேட்டவர்கள் குறைவு, எப்படி நகராமல் வைப்பது என்று யோசித்தவர்கள்தான் அதிகம்.

பழைய அதிபரின் ஆட்கள் இதற்கு ஒரு விளக்கம் வைத்திருந்தார்கள். செத்து மூன்று வருஷமாகியும் அவர் குரலைக் கேட்டு உயிரில்லாத மரக்கட்டையே மரியாதைக்கு எழுந்திருக்கிறது, உங்களுக்கு வலிக்கிறதா என்று தெருமுனையில் பேசினார்கள், அவர் படத்துக்கு முன்னால் காலி நாற்காலி போட்டு மாலை சாத்தினார்கள். மற்றவர்கள் அதையும் மறுக்கவில்லை, இதையும் மறுக்கவில்லை, சிமெண்ட் தரை கீறலாகிறது என்று மட்டும் புலம்பினார்கள். கடைசியில் ஒலிபரப்பை நிறுத்தச் சொல்லித் தெருத்தெருவாக மனு எழுதினார்கள். மதலேனாளின் எதிர்வீட்டு ரோணிக்கம் அந்த மனுவை அவளிடமே கொண்டுவந்தாள்.

“தப்பா நெனச்சிக்கிடாத மதலேனா. போனவிய போயிட்டாவ. இருக்கவிய இருக்கணும்லா? நேத்து எங்க மாமனாரு தொப்புன்னு விழுந்துட்டாவ.”

“அந்த நாக்காலி ஏன் நவருதுன்னு ஒனக்குத் தெரியுமாக்கா?”

“தெரியும்” என்றாள் ரோணிக்கம். “எல்லாருக்குந்தான் தெரியும். அதுக்கு என்ன செய்ய சொல்லுத?”

தெரியாது என்று சொல்லியிருந்தால் மதலேனாள் விளக்கியிருப்பாள். தெரியும் என்கிறவளிடம் எதைச் சொல்ல? அவளுக்குத் தலையைக் கொண்டுபோய்ச் சுவரில் முட்டலாம்போல இருந்தது. மனுவில் கையெழுத்துப் போடாமல் திருப்பிக் கொடுத்தாள்.

இருபத்தேழாவது நாடாவில் சூசை வந்தான். அதிபர் முதலில் முட்டுவலியைப் பற்றிப் பேசினார், பிறகு மைதானக் கூட்டத்தைப் பற்றிப் பேசினார், சிரிப்பைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. பிறகு சொன்னார்: “அந்த மைக்செட்டு ஆளு… பேரு என்னது… ஆங், சூச. நல்ல பையன் பாத்துக்கிடுங்க.” மதலேனாள் உட்கார்ந்திருந்த நாற்காலி அவளையும் தூக்கிக்கொண்டு ஒரு சாண் பின்னுக்குப் போயிற்று, தட்டச்சு மெஷின் கைக்கெட்டாத தூரத்துக்கு விலகியது. நகர்ந்த இடத்திலிருந்தே அவள் எட்டிக் கையை நீட்டி அடித்தாள். நல்ல பையன், முற்றுப்புள்ளி, பாத்துக்கிடுங்க, முற்றுப்புள்ளி.

அதிபரின் குடும்பத்துக்காக வந்திருந்த வக்கீல் குற்றாலிங்கம் மறுநாளே எழுந்துவிட்டார். “பையனுக்கும் பாத்துக்கிடுங்கவுக்கும் நடுவில் கனம் கமிஷனின் தட்டச்சர் ஒரு புள்ளி வைத்திருக்கிறார். நாடாவில் புள்ளி கேட்கவில்லை. புள்ளியை எடுத்துவிட்டுப் படித்தால், நல்ல பையன் பாத்துக்கிடுங்க. அவன் நல்ல பையன் என்று அதிபர் பாராட்டியிருக்கிறார், வழக்கம்போல ஒரு பாத்துக்கிடுங்க போட்டிருக்கிறார். அவ்வளவுதான்.” அவர் சொன்னதில் தப்பு இல்லை, அதுதான் அநியாயம். அதே தர்க்கத்தால் எழுபத்தோரு இடத்திலும் புள்ளியை எடுத்துவிடலாம், எடுத்துவிட்டால் அதிபர் எழுபத்தோரு பேரைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொன்ன மனுஷன்.

நாற்காலி நகர்ந்ததே என்றாள் மதலேனாள். சாட்சிச் சட்டத்தில் நாற்காலிக்கு இடமில்லையே அம்மா என்றார் நீதிபதி, உண்மையான வருத்தத்தோடு. நாடாவுக்குள்ளேயே நாற்காலிச் சத்தம் கேட்கிறது, அதையாவது அடிக்கவா என்றாள். பேச்சு மட்டும்தான் பதிவு, சத்தம் பதிவு இல்லை, சத்தத்தை அடித்தால் இருமலையும் காக்கை கத்தியதையும் அடிக்கவேண்டிவரும் என்றார் செயலாளர் பொன்னுலிங்கம். நாற்காலிகள் நகர்ந்து நகர்ந்து விசாரணைக்கு இடைஞ்சலாக இருப்பதால், அடுத்த வாரத்திலிருந்து கமிஷன் தரையில் ஜமுக்காளம் விரித்து நடக்கும் என்று நீதிபதி உத்தரவு போட்டார். நாற்காலிகளை எல்லாம் கொண்டுபோய்ச் சுங்கக் கிட்டங்கியில் அடுக்கினார்கள். நீதிபதி சம்மணம் போட்டு உட்கார்ந்தார், வக்கீல் திண்டில் சாய்ந்துகொண்டார், இருபத்தேழாவது நாடாவை மறுபடியும் ஓட்டினார்கள், எதுவும் நகரவில்லை. பாருங்கள், இப்போது எவ்வளவு தெளிவாகக் கேட்கிறது என்றார் நீதிபதி. மதலேனாளுக்கு வாய்விட்டுக் கத்தவேண்டும்போல இருந்தது, கத்தினால் அதையும் தானே அடிக்கவேண்டும் என்பதால் அடக்கிக்கொண்டாள்.

அடக்கியது வெள்ளிக்கிழமைவரைதான். புள்ளி இல்லாமல் திருத்தி அடித்துத் தரச்சொல்லி பொன்னுலிங்கம் இருபத்தேழாம் நாடாவின் பக்கத்தை அவளிடம் நீட்டினார். அவள் எழுந்து நேராக நீதிபதி முன்னால் போய் நின்றாள்.

“எய்யா, நான் ஒங்ககிட்ட வேற எதுவும் கேக்கல. எங்க வீட்டு அவிய செத்துட்டாவன்னு எழுதுங்க. எனக்கு ஒரு பூச வைக்கணும். பத்தொம்பது வருசமா நான் அவிய வருவாவன்னும் இருக்க முடியல, வரமாட்டாவன்னும் இருக்க முடியல. ஒத்தப் புள்ளி. அத வைக்கதுக்கு ஒங்களுக்கு என்னய்யா நோவுது?”

நீதிபதிக்கு முகம் சுருங்கிப்போயிற்று. அவருக்கு அழுகையைப் பார்க்கப் பொறுக்காது, ஒழுங்கு குலைவதைப் பார்க்கவும் பொறுக்காது. அவர் செயலாளர் பக்கம் திரும்பி மெதுவாகச் சொன்னார்: “பாவம், நல்ல அம்மா. பாத்துக்கிடுங்க.” பொன்னுலிங்கம் ஜமுக்காளத்தில் ஒரு கையை ஊன்றி எழுந்தார்.

திங்கட்கிழமை காலை மதலேனாளின் தட்டச்சு மெஷின்மேல் ஒரு கடிதம் இருந்தது. நீதிபதி அவர்களின் வாய்மொழி உத்தரவின்படி அன்னார் இன்று மாலையுடன் பணியிலிருந்து விடுவிக்கப்படுகிறார். படித்துவிட்டு மீரான் காக்கா நாற்காலி இல்லாத அறையில் எங்கே உட்காருவது என்று தெரியாமல் சுவரோரம் குத்தவைத்தார். மதலேனாள் அழவில்லை. கடிதத்தை மூன்று தரம் படித்தாள், மூன்றாம் தரம் அவளுக்குள் ஏதோ குளிர்ந்து தெளிந்தது. மாலைவரை அவள்தான் தட்டச்சர். வெள்ளிக்கிழமைப் பதிவை அவள் இன்னும் அடிக்கவில்லை. தாளைச் சொருகி, தான் கேட்டது, தான் அழுதது எல்லாம் ஒரு சொல் விடாமல் அடித்து, நீதிபதியின் வாக்கியத்துக்கு வந்ததும் நிறுத்தினாள். நல்ல அம்மா பாத்துக்கிடுங்க என்று நடுவில் ஒரு எழுத்து இடம் விட்டு அடித்தாள். பிறகு அந்தப் பக்கத்தையும், கடிதத்தையும், பொன்னுலிங்கம் சொன்னபடி புள்ளி இல்லாமல் திருத்தி அடித்த இருபத்தேழாம் நாடாவின் பக்கத்தையும் எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

“கையெழுத்துப் போடணும்யா. ஒரு எடத்துல சந்தேகம். இங்கன புள்ளி வைக்கவா, வேண்டாமா?”

நீதிபதி பக்கத்தைப் படித்தார், கடிதத்தைப் படித்தார், மறுபடியும் பக்கத்தைப் படித்தார். “நான் ஒங்கள வேலைய விட்டுத் தூக்கச் சொல்லலியேம்மா” என்றார். “ஒரு காப்பி வாங்கிக் குடுத்து உக்கார வைங்கன்னு நெனச்சுத்தான்…” என்று நிறுத்தினார். என்ன நினைத்துச் சொன்னோம் என்று அவருக்கே நிச்சயமாக ஞாபகம் வரவில்லை. பொன்னுலிங்கத்தைப் பார்த்தார்.

பொன்னுலிங்கம் கொஞ்சமும் கலங்கவில்லை. அவர் அதிபர் காலத்திலும் அதே கட்டடத்தில் அதே உத்தியோகம் பார்த்தவர். “ஐயா சொன்னீய, நான் செஞ்சேன். இருவத்தாறு வருசமா இப்படித்தான்யா. இந்த ஆபீசுல எந்த ஐயாவும் இதுக்கு மேல சொன்னதில்ல, நானும் கேட்டதில்ல.”

மதலேனாள் தாளை நீதிபதி பக்கம் நகர்த்திவைத்துச் சொன்னாள்: “புள்ளி இல்லன்னா அது சும்மா பேச்சு, இந்தக் கடுதாசி செல்லாது, நான் நாளைக்கும் வேலைக்கு வருவேன். புள்ளி இருந்தா உத்தரவு. நான் வரமாட்டேன். வைங்கய்யா. எனக்கு வேல வேண்டாம்.”

சிதம்பரதாணு கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு வெள்ளிக்கிழமை தன் வாயிலிருந்து வந்த குரலைத் தன் காதுக்குள் திரும்பக் கேட்டார். நிறுத்தினோமா, நிறுத்தாமல் சொன்னோமா? நிறுத்தியிருந்தார். அந்த நிறுத்தத்தில் தனக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்தது என்பதும், இனி இந்தத் தொல்லை தன் கண்ணில் படாது என்ற நிம்மதி அது என்பதும் அவருக்குத் தெரிந்தது. பேனாவைத் திறந்து தன் வாக்கியத்தின் நடுவில் ஒரு புள்ளி வைத்துக் கையெழுத்துப் போட்டார். பிறகு இருபத்தேழாம் நாடாவின் பக்கத்தை முன்னால் இழுத்துவைத்து, வெகுநேரம் பார்த்து, பேனாவை மதலேனாளிடம் நீட்டினார்.

“நீங்களே வைங்க. நான் கையெழுத்துப் போடுதேன். மத்த எழுவதையும் ஒண்ணொண்ணா நானே பாக்கேன்.”

மதலேனாள் பேனாவை வாங்கினாள். இத்தனை நாள் ஒரு புள்ளிக்காக ஒவ்வொருத்தர் வாசலிலும் போய் நின்றவளுக்குக் கை இப்போது தாளுக்கு இறங்கவில்லை. புள்ளி இல்லாத அந்த வாக்கியத்தில் சூசை ஒரு நல்ல பையன், யாரோ அவனை நல்ல பையன் என்று சொல்லிவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விட்டார்கள், அவன் பிளையரைப் பையில் போட்டுக்கொண்டு எங்கோ ஒரு மேடையில் வயர் இழுத்துக்கொண்டிருக்கிறான். இதை வைக்கவேண்டியது அவள்தான், வைத்தால் அவன் செத்துப்போவான். சீ, இதுக்குத்தானா இவ்வளவும் என்று அவளுக்குத் தன்மேலேயே கோபம் வந்தது, நீதிபதிமேல், ரோணிக்கத்தின்மேல், அந்தச் சிரிப்பை அடக்கத் தெரியாத சூசைமேல் எல்லாம் கோபம் வந்தது. அந்தக் கோபத்தோடேயே பேனாவை அழுத்தினாள். மை கொஞ்சம் பரவி, புள்ளி கடுகைவிடப் பெரிதாக விழுந்தது.

பங்குச் சாமியார் அந்தப் பக்கத்தை வாங்கி இரண்டு தரம் படித்தார், நீதிபதி கையெழுத்து இருக்கிறது, இது போதும் என்றார், மரித்தோர் ஏட்டைத் திறந்து பேரை எழுதினார், இறந்த நாள் என்ற இடத்தில் என்ன எழுதுவது என்று அவளைப் பார்த்தார், பிறகு அந்த இடத்தை வெறுமையாக விட்டுவிட்டு, சொன்ன சொல் தவறாமல் துக்கமணி அடிக்கச் சொன்னார். மணி அடித்துக்கொண்டிருக்கும்போதே மதலேனாள் தெருவுக்குள் நுழைந்தாள். ஜனங்கள் வழக்கம்போலக் கைவேலையைப் போட்டுவிட்டு வாசலுக்கு வந்து யார் வீட்டில் என்று ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

“யாரு போயிட்டாவ?” என்று ரோணிக்கம் அவளிடம் கேட்டாள்.

“எங்க வீட்டு அவிய.”

ரோணிக்கம் துக்க வீட்டில் எல்லோரும் கேட்பதையே கேட்டாள்.

“எப்பம்?”

“இப்பந்தான்” என்று சொல்லிவிட்டு மதலேனாள் வாசற்படியில் உட்கார்ந்து அழத் தொடங்கினாள், தெருவிலிருந்த பெண்கள் ஒவ்வொருத்தியாக வந்து அவளைச் சுற்றித் தரையில் உட்கார்ந்தார்கள்.